நட்சத்திரக் கேள்வியும் வீரம்மாவின் கிடாரியும்

விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சரவணன் இருக்கிறார். ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவ்வப்போது வந்து உட்காருவார். போன வாரம் வந்தவர் உட்காருவதற்கு முன்பே கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க. இந்த ஏஐகிட்ட தொகுதிப் பேர மட்டுந்தான் சொன்னேன். சட்டசபையில கேக்கப் பத்துக் கேள்வி எழுதிக் குடுத்துருச்சு. நீங்கள்லாம் அந்தக் காலத்துல எம்புட்டு மண்டைய ஒடச்சிருப்பீக!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். தமிழ் நன்றாகத்தான் இருந்தது, ஒரு பிழை கிடையாது. ஆனால் பத்துக் கேள்வியும் ஒரே மாதிரி ஆரம்பித்தன. முதல் பகுதியில், இன்ன குறை இருப்பதை அரசு அறியுமா? இரண்டாம் பகுதியில், ஆம் எனில் எடுத்த நடவடிக்கை என்ன? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தம்பி, இந்தப் பத்தையும் ஒரு ஆபீசரு டீ குடிச்சுக்கிட்டே சாச்சுருவாரு. மொதக் கேள்விக்கு 'இல்லை'ன்னு எழுதுவாரு. ரெண்டாவதுக்கு 'வினா எழவில்லை'ன்னு எழுதுவாரு. முடிஞ்சு போச்சு."

சரவணன் முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்ததால் மாட்டாஸ்பத்திரி கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி மூன்று தடவை டீ போட்டாள். மூன்றாவது டீயை வைக்கும்போது, "இத ஊருக்கே சொல்லியாச்சு, எழுதியாச்சும் வைங்களேன்" என்றாள். அதுதான் இந்தக் கட்டுரை.

என் படிப்பையும் ஆரம்ப காலத்தையும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சில் உயர்நிலை. திருமங்கலம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் அழுவதைக் கேட்டு, அதை 'பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' ஆக்குவதுதான் தொழில். அங்கே ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவியாக இருந்த ஒரு அம்மாவுக்கு மனு அடித்துக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நான் சண்டைக்கு வந்திருக்கேன். நீ கால்ல விழ வச்சுட்டியே" என்று கிழித்துப் போட்டார். அவரே பின்னால் தேர்தலில் நின்று ஜெயித்தபோது, என்னைத் தேடிப் பிடித்து உதவியாளராக வைத்துக்கொண்டார். தொகுதியே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அக்காவின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் என்றால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முக்கால்வாசியைத் தலைவர்களைப் புகழ்வதிலேயே செலவழிப்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான பழக்கம். சூரியனில் தொடங்கி சந்திரனுக்கு வந்து, கடலைத் தாண்டி, தொகுதிப் பிரச்சினைக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடும். பேரவைத் தலைவர் 'உட்காருங்கள்' என்று சொல்ல, "இறுதியாக ஒன்று" என்று கெஞ்சிக்கொண்டே உட்காருவார்கள்.

அக்கா எழுந்தால், "வணக்கம். எங்க தொகுதியில..." என்று ஆரம்பித்துவிடுவார். அவ்வளவுதான் முன்னுரை. எங்கள் கட்சியின் கொறடாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் தாழ்வாரத்தில் மறித்துக்கொண்டு, "ஏம்மா, தலைவரப் பத்தி நாலு வரி சொல்லிட்டுப் பேசுனா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டார்.

"அண்ணே, பாராட்டுறதுக்கு ஊரு பூரா மேடை கெடக்கு. கேக்குறதுக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு" என்றார் அக்கா. கொறடா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த கூட்டத் தொடரில் அக்காவுக்குப் பேச வாய்ப்புக் குறைந்தது. அதைப் பற்றி அக்கா கவலைப்படவே இல்லை. "பேச்சுக் குடுக்கலன்னா என்ன? கேள்விய யாரும் தடுக்க முடியாதுல்ல" என்று சொல்லி, என்னை உட்கார வைத்துக் கேள்விகள் எழுத ஆரம்பித்தார்.

இன்னொரு குணம். கேள்வி நேரத்தில் அக்கா இருக்கையை விட்டு அசைய மாட்டார். மற்ற உறுப்பினர்கள் உணவகத்துக்குப் போய்ப் போண்டா சாப்பிட்டு வருவார்கள். அக்கா வரிசை எண் ஒன்றிலிருந்து கடைசி வரை எல்லா அமைச்சர்களும் எல்லாருக்கும் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார். "எப்படி எப்படி நழுவுறாகன்னு பாத்தாத்தான, எங்க புடிக்கணும்னு தெரியும்" என்பார். ஒவ்வொரு நாளும் வெளியே வந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சுந்தரம், நாம கேட்டது அவைக் குறிப்புல ஏறிருச்சா?"

இனி வீரம்மாவுக்கு வருகிறேன்.

எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். வீரம்மா அங்கே காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து, பிறகு கடன் வாங்கி ஒரு பசுவும், அது முன்பு ஈன்று வளர்ந்த இளம்பசுவான கிடாரியும் வைத்திருந்த அம்மா. அந்தப் பசு கன்று போடும்போது கன்று குறுக்கே கிடந்துவிட்டது. ஊரிலேயே கால்நடை மருந்தகம் இருக்கிறது, பச்சை வர்ணம் அடித்த கட்டிடம், வாசலில் பெயர்ப்பலகை, எல்லாம் இருக்கிறது. டாக்டர்தான் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து தனியார் டாக்டர் ஒருவர் வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது பசுவும் கன்றும் இரண்டுமே போய்விட்டன.

வீரம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் வழக்கம்போல நிவாரண மனுவை எடுத்தேன். அவர் கையால் தடுத்துவிட்டார்.

"எனக்குக் காசு வேணாம்ப்பா" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "தாயி, ஒன்னத்தான் பாக்க வந்தேன். எம்மாடு ராத்திரி பகலா கத்திக் கத்திச் செத்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல கட்டி வச்சுக் கதவத் தட்டுனேன். அதுக்கு யாராச்சும் ஒரு ஆளு பதில் சொல்லணும். வீட்ல அதோட கெடாரி இருக்கு, அதுவும் இப்பச் சினையா இருக்கு. அதுக்கும் இப்படித்தானா? இதுக்கும் பதில் சொல்லணும்."

அக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த அம்மா எதிரிலேயே எனக்குக் கேள்வி சொல்ல ஆரம்பித்தார். கோபத்தில் சொன்னதால் நேராகச் சொன்னார்: (அ) இன்ன ஊர் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், எப்போது நிரப்பப்படும்? நான் அடித்தேன், அக்கா கையெழுத்துப் போட்டார், சென்னைக்குப் போனது. எழுத்து மூலம் விடை கேட்கும் கேள்வி அது.

விடை வந்தது. (அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை.

அந்தத் தாளை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஏதாவது எழுதியிருக்குமோ என்று. வெறும் தாள். வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டும்படி அக்கா சொன்னார். வாசித்தேன். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்.

"அப்ப எங்கூர்ல டாக்டரு இருக்காருன்னா சொல்றாக?"

"அப்படித்தான் எழுதிருக்காங்கம்மா."

"எங்க இருக்காரு? எங்க யாரு கண்ணுக்கும் தெரியலயே. மாட்டுக் கண்ணுக்கு மட்டும் தெரிவாரோ?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிளம்பி மருந்தகத்துக்கே போனோம். உதவியாளர் ஒருவர் மட்டும் இருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மருத்துவர் பணியிடத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். அவருக்கு இந்த ஊர்ப் பெயரில்தான் சம்பளம். ஆனால் 'மாற்றுப் பணி' என்று சொல்லி மதுரையில் ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே கணினியில் மாட்டுக் கணக்கு ஏற்றுகிறார். பக்கத்து ஊர் டாக்டர் இதைக் 'கூடுதல் பொறுப்பாக' பார்ப்பதாகக் காகிதம் சொல்கிறது. ஆக, இடம் காலியும் இல்லை, டாக்டரும் இல்லை. துறை பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அவர்கள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்துக் கேட்டிருக்கிறோம்.

அக்கா அலுவலகத்துக்கு வந்ததும் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். "இப்ப நான் கோட்டையில இருக்க ஆபீசரு. நீ கேளு. நான் எப்படி நழுவுறேன்னு பாரு" என்றார்.

"மருந்தகத்தில் மருத்துவர் இல்லாதது..."

"இல்லை. வினா எழவில்லை. அடுத்தது."

"மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டுள்ளாரா?"

"நிர்வாக நலன் கருதி. அடுத்தது."

"மருத்துவர் தினமும் வருகிறாரா?"

"கூடுதல் பொறுப்பில் உள்ள மருத்துவர் வருகிறார். ஆம்னு ஒத்த வார்த்த. அடுத்தது."

நான் கேட்கக் கேட்க, அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டே வந்தார். எனக்கு வெறுத்துவிட்டது. அப்போதுதான் வாய் தவறி வந்ததுபோல, "போன வருசம் அங்க பதிவான டாக்டரு எத்தன நாள் மாட்டத் தொட்டாரு?" என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"அதத் திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"இதுக்கு ஆமுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. எண்ணித்தான் சொல்லணும். இதான் கேள்வி. இதயே மொதல்ல போடு. இதுக்குப் பின்னால ரெண்டாவது கேள்வியே வேணாம்."

இந்த முறை எழுத்து மூலம் வேண்டாம், நட்சத்திரக் குறியிட்டு அவையில் வாய்மொழி விடை கேட்போம் என்று முடிவு செய்தார். நட்சத்திரக் கேள்வியில் ஒரு லாபம் உண்டு. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொன்ன பிறகு, கேட்ட உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். காகிதத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, அமைச்சரைக் கேட்கலாம். ஒரு நஷ்டமும் உண்டு. அன்றைய வரிசையில் கடைசியாக வந்தால் முறை வராது, கேள்வி நேரம் முடிந்துவிடும். எங்கள் கேள்வி வந்து சேர்ந்தது வரிசையின் அடிமட்டத்தில். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

"அக்கா, இது வராதுக்கா."

"வர்றப்ப நாம உக்காந்திருக்கணும்ல" என்றார்.

எங்கள் கேள்விக்குரிய நாளன்று பார்வையாளர் மாடத்தில் அனுமதிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல காலம் என்று சொல்வதா, எங்கள் மாநிலத்துப் பழக்கம் என்று சொல்வதா தெரியவில்லை. ஒரு பெரிய தலைவர் அன்று வளாகத்துக்கு வந்துவிட்டார். வணக்கம் வைக்க, சால்வை போர்த்த, படம் எடுத்துக்கொள்ள உறுப்பினர்கள் ஓட்டமாக ஓடினார்கள். பேரவைத் தலைவர் வரிசையாகப் பெயர் வாசிக்கிறார். உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்தவர், அவரும் இல்லை. அதற்கடுத்தவரும் இல்லை. வரிசை மளமளவென்று கீழே இறங்க இறங்க நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அக்கா தலைகூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அக்காவின் பெயர் கேட்டது.

அந்தத் துறை அமைச்சருக்கே அது எதிர்பாராத விஷயம். முறை வராது என்று நினைத்து அவரும் வேறு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் மாடத்தில் ஒரு சலசலப்பு. அமைச்சர் எழுந்து, அச்சிட்ட விடையை வாசித்தார். அந்த மருத்துவர் நிர்வாக நலன் கருதி மாற்றுப் பணியில் உள்ளதால், அந்த மருந்தகத்தில் அவர் சிகிச்சை அளித்த நாள் ஏதுமில்லை என்றார். பக்கத்து மருந்தக மருத்துவர் கூடுதல் பொறுப்பில் கவனித்து வருகிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

'ஏதுமில்லை' என்ற அந்த வார்த்தையை அமைச்சர் வாயால் கேட்டபோது எனக்கு எழுந்து கை தட்டலாம்போல இருந்தது. மாடத்தில் கை தட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தொடையில் தட்டிக்கொண்டேன்.

அக்கா எழுந்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, கூடுதல் பொறுப்பு டாக்டர் போன வருடம் எத்தனை நாள் வந்தார்?"

வழக்கமாக விடை எழுதி அதிகாரிகள் மாடத்திலிருந்து வரும் துண்டுச்சீட்டு வரவில்லை. அமைச்சர் பார்த்தார், காத்திருந்தார், "விவரம் பெற்றுத் தரப்படும்" என்றார்.

"அப்ப வந்த நாளும் இல்லை, இருந்த நாளும் இல்லை" என்று அக்கா ஆரம்பித்தார். "எங்க ஊர்ல வீரம்மான்னு ஒரு அம்மாவோட பசு, பூட்டுன ஆஸ்பத்திரி வாசல்ல செத்துருச்சு. அவுக வீட்ல இன்னொண்ணு சினையா நிக்குது. மாடு நாள் பாத்து, நிர்வாக நலன் பாத்தெல்லாம் கன்னு போடாது..."

"கேள்வியாகக் கேளுங்கள்" என்றார் பேரவைத் தலைவர்.

"கேள்விதான் கேக்குறேன், ஐயா. அந்த டாக்டரத் திருப்பி அனுப்ப, மாற்றுப் பணிய ரத்து பண்ணி ஒரு கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்துக்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும்? மாண்புமிகு அமைச்சர் அவர்கள் சொல்வாரா?"

அமைச்சர் எழுந்தார். ஆண்டுக்கணக்காக எந்தக் கேள்விக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அதுவாக ஓடிவிட்டது. "மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்."

 அப்புறம் பாருங்கள், சிரிப்பு. எதிர்க்கட்சி வரிசையில் கிளம்பி, ஆளுங்கட்சிக்குத் தாவியது. எங்கள் கொறடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரவைத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. அமைச்சருக்கும் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவரும் விவசாயக் குடும்பத்து ஆள்தான், மாடு வளர்த்தவர். அவரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கையில் இருந்த கோப்பை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"செலவு ஒண்ணும் இல்லீங்க. உறுப்பினர் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த டாக்டர் அங்க இருப்பாரு. அந்த மருந்தகத்துக்கு மட்டும் இல்ல, இப்படி மாற்றுப் பணியில உக்கார வச்சிருக்க கால்நடை டாக்டர்களப் பூரா அவுகவுக எடத்துக்குத் திருப்பி அனுப்புறேன்."

மேசை தட்டும் ஓசையில் அடுத்த பெயரே கேட்கவில்லை. அக்கா எதற்கும் சிரிக்காமல், "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்தார். அவையில் அமைச்சர் கொடுத்த வாக்கு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் சேரும். நிறைவேறும்வரை அந்தக் குழு கேட்டுக்கொண்டே இருக்கும். அது அக்காவுக்குத் தெரியும், அமைச்சருக்கும் தெரியும். வெளியே வந்ததும் வழக்கமான கேள்வி: "குறிப்புல ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா. சிரிப்பு உட்பட."

அமைச்சர் சொன்னபடியே செய்தார். நாங்கள் ஊர் திரும்பியபோது டாக்டர் மருந்தகத்தில் இருந்தார். அலுவலகத்திலிருந்து இழுத்து வந்துவிட்டோமே, கோபமாக இருப்பாரோ என்று நான் பயந்தேன். அக்காவும் அதையே நினைத்திருக்க வேண்டும். "உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல சார்" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "நான்தான் மேடம் உங்களுக்கு நன்றி சொல்லணும். மாட்டுக்கு வைத்தியம் படிச்சிட்டு, மாட்டுப் பேர கம்ப்யூட்டர்ல அடிச்சிக்கிட்டு இருந்தேன். என் வீட்டம்மாகிட்ட மாட்டாஸ்பத்திரி டாக்டர்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கும்" என்றார். அன்று மதியத்துக்குள் வாசலில் ஆடும் மாடும் வரிசை கட்டி நின்றன. சுற்று ஊர்களிலும் இதே கதைதான். எழுமலைச் சந்தையில் அக்காவைப் பார்த்தவர்கள், "நிதி நிலைமைக்கேற்ப எப்படி இருக்கீக?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அது கொஞ்ச காலம் தொகுதியின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

வீரம்மாவின் கிடாரிக்கு வலி எடுத்த அன்று நாங்கள் திருமங்கலத்தில் இருந்தோம். இதற்கும் கன்று குறுக்கே கிடந்திருக்கிறது. டாக்டர் தோள்பட்டை வரை கையை விட்டுத் திருப்பி, தலையை நேராக்கி, கன்றை எடுத்துவிட்டார். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. தகவல் வந்தபோது அக்கா ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் பேச்சை நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, "எங்க வீரம்மா மாடு கன்னு போட்ருச்சு" என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீரம்மா யார் என்றே தெரியாது. இருந்தாலும் விசில் அடித்தார்கள்.

ஓரிரு நாளில் வீரம்மா தூக்குச்சட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். சீம்பால். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி, ஆறுவதற்குள் பேருந்து பிடித்து வந்திருந்தார். மனுக்காரர்களிடம் ஒரு வாழைப்பழம்கூட வாங்காத ஆள் அக்கா. ஊரறிந்த விஷயம் அது. நான் தடுக்கப் போனேன். வீரம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மூடியைத் திறந்து அக்கா முன்னால் வைத்தார்.

"தாயி, யாராச்சும் பதில் சொல்லணும்னு சொன்னேன்ல. பதில் வந்துருச்சு. எடுத்துக்க."

மனுக்காரர்களிடம் எதுவும் வாங்காத அக்கா, விரலால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "சுந்தரம், இது அவைக் குறிப்புல ஏறாதுப்பா. நீதான் எழுதி வைக்கணும்" என்றார்.

எழுதிவிட்டேன், அக்கா.